கார் இல்லாமல் மாமண்டூர், உத்திரமேரூர், சீயமங்கலம் பார்ப்பது எப்படி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: மேற்கு மாம்பலத்தில் இருக்கிறீர்கள், சொந்தக் கார் கிடையாது, அறுபதைத் தாண்டிய அம்மாவும் கூட வருகிறார், அவருக்கு முழங்கால் வலி உண்டு. காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள பல்லவர், சோழர் காலத்து ஊர்களான திருமுக்கூடல், உத்திரமேரூர், மாமண்டூர், குரங்கணில்முட்டம், சீயமங்கலம் ஆகியவற்றை இரண்டு மூன்று வார இறுதிகளில் பார்க்க வேண்டும். பஸ்ஸா, வாடகைக் காரா, வாடகை பைக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையிலிருந்து அந்தப் பக்கம் போய்ச் சேருவதில் உங்களுக்குக் கஷ்டம் இருக்காது. மெயின் ரோட்டில் இறங்கியபிறகு ஊருக்குள் இருக்கும் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை எப்படிக் கடப்பது, பார்த்து முடித்து இருட்டுவதற்குள் எப்படித் திரும்புவது என்பதுதான் நிஜமான கேள்வி. அதற்கே பதில் சொல்கிறேன். கல்வெட்டு படிக்கும் ஆர்வத்தில் இந்த ஊர்களுக்குப் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன், அவ்வப்போது சிறு குழுக்களையும் அழைத்துப் போகிறேன். பெரும்பாலும் ரயில், பஸ், ஆட்டோ மூன்றையும் மாற்றி மாற்றித்தான்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்திரமேரூர் போன்ற ஒரு நடு ஊர் வரை ரயிலிலோ பஸ்ஸிலோ போங்கள். அங்கே ஸ்டாண்டில் ஒரு ஆட்டோவை அரை நாளைக்குப் பேசிக்கொண்டு சுற்றுங்கள். சீயமங்கலத்துக்கு மட்டும் கார் எடுங்கள். இந்த ஊர்களில் உங்களுக்கு வேண்டியது, நீங்கள் கல்வெட்டைப் படித்துக்கொண்டிருக்கும் முக்கால் மணி நேரமும் வெளியே புளியமரத்தடியில் நிற்கும் வண்டி. இறக்கிவிட்டுப் போய்விடுகிற வண்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் பயனில்லை. செயலியில் கூப்பிடும் டாக்சியும் பைக் டாக்சியும் இந்த இடத்தில்தான் கைவிடும். போகும்போது காஞ்சிபுரத்திலிருந்து கிடைத்தாலும் கிடைக்கும். திரும்புவதற்குக் கிராமத்திலிருந்து கூப்பிட்டால் எந்த வண்டியும் வராது என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

மாம்பலத்தில் இருப்பது உங்களுக்கு நல்ல வசதி. சென்னைக் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வழியாகத் திருமால்பூர் வரை ஓடும் மின்சார ரயில் உங்கள் ஸ்டேஷனில் நின்றுதான் போகிறது. செங்கல்பட்டைத் தாண்டியதும் அது அரக்கோணம் பாதையில் திரும்பி, பாலூர், பழையசீவரம், வாலாஜாபாத், காஞ்சிபுரம் என்று பாலாற்றை ஒட்டியே போகும். அம்மாவுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. கழிப்பறைக்குச் செங்கல்பட்டில் இறங்கி அடுத்த வண்டியைப் பிடிக்கலாம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். செங்கல்பட்டு வரைதான் வண்டிகள் அடிக்கடி உண்டு. அதற்கப்பால் ஒரு நாளைக்குச் சில வண்டிகளே. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருப்பதைவிட பஸ் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம். தாம்பரத்திலிருந்து படப்பை, ஒரகடம், வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரத்துக்கு பஸ் இருக்கிறது. காலையில் ரயிலில் போய் மாலையில் பஸ்ஸில் திரும்புவது எனக்குப் பழகிப்போன ஏற்பாடு.

முதல் நாளைத் திருமுக்கூடலில் தொடங்குங்கள். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் 11ஆம் நூற்றாண்டின் சோழ மன்னன் வீரராசேந்திரனின் நீண்ட கல்வெட்டு இருக்கிறது. கோயிலைச் சார்ந்து நடந்த வேத பாடசாலை, மாணவர் விடுதி, வீரசோழன் என்ற பெயரில் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை என்ற மருத்துவமனை, அதில் இருந்த மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் கொடுத்த கூலிவரை அதில் வெட்டியிருக்கிறார்கள். வைத்திருந்த மருந்துகளின் பெயர்ப் பட்டியலும் உண்டு. படிகள் அதிகம் இல்லாத சமதரைக் கோயில் என்பதால் அம்மா நிதானமாகச் சுற்றிப் பார்க்கலாம்.

வரைபடத்தைப் பார்த்தால் ஆற்றுக்கு இக்கரையில் பழையசீவரம் ஸ்டேஷன், பாலத்தைத் தாண்டினால் திருமுக்கூடல், ஆகவே பழையசீவரத்தில் இறங்கலாம் என்று தோன்றும். தனியாக நடக்கிறவர்களுக்கு அது சரி. அம்மாவோடு போகும்போது வேண்டாம். சின்ன ஸ்டேஷன், வாசலில் ஆட்டோ நிற்கும் என்று நம்ப முடியாது. அடுத்துள்ள வாலாஜாபாத்தில் இறங்கி, அங்கே ஆட்டோ பேசிக்கொண்டு திரும்பி வாருங்கள். இந்தப் பகுதி முழுக்க இதையே பழக்கமாக வைத்துக்கொள்ளலாம்: பார்க்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்டேஷனைவிட, ஆட்டோ ஸ்டாண்ட் இருக்கிற ஸ்டேஷனே மேல். பழையசீவரம் லட்சுமி நரசிம்மர் கோயில் குன்றின்மேல் இருக்கிறது, படி ஏற வேண்டும். அம்மாவின் முழங்காலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பழையசீவரத்துக்குப் பார்வேட்டைக்கு எழுந்தருளுவார். திருவிழா பார்க்க அருமையான நாள், கல்வெட்டு பார்க்க ஏற்ற நாள் அல்ல.

திருமுக்கூடலிலிருந்து உத்திரமேரூருக்கு அதே ஆட்டோவில் போய்விடலாம், ஆனால் போகிற வண்டி காலியாக வாலாஜாபாத் திரும்ப வேண்டியிருப்பதால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான் கேட்பார்கள், அது நியாயம்தான். உத்திரமேரூரை மட்டும் தனியாகப் பார்ப்பதானால் செங்கல்பட்டு வரை ரயில், அங்கிருந்து பஸ். காஞ்சிபுரத்திலிருந்தும் பஸ் உண்டு. இரண்டு ஊரிலிருந்தும் சுமார் 30 கிலோமீட்டர். பஸ்ஸை மட்டுமே நம்பிப் போகக்கூடிய ஊர் என்று இந்தப் பட்டியலில் நான் உறுதியாகச் சொல்வது உத்திரமேரூரைத்தான். கோயில்கள் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய, குடத்தில் ஓலையிட்டு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையைச் சொல்லும் கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ளன. ஊர்ச்சபைக் குழுவான வாரியத்துக்கு நிற்கிறவனுக்கு எவ்வளவு நிலம் இருக்க வேண்டும், வயது என்ன, கணக்குக் காட்டாதவன் ஏன் நிற்கக் கூடாது, அவன் உறவினரில் யார் யாரும் கூடாது என்பதையெல்லாம் அங்கே சுவரில் நின்றுகொண்டு எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். அவசரப்படாதீர்கள், அந்த ஒரு கோயிலுக்கே ஒரு மணி நேரம் வையுங்கள். சுந்தரவரதப் பெருமாள் கோயில் மூன்று தளம் கொண்டது. மேல் தளங்களுக்குப் படி செங்குத்து. அம்மா கீழ்த் தளத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும். காஞ்சிபுரம் சாலையில் திரும்பினால் வழியில் மாகறல் இருக்கிறது, சம்பந்தர் பாடிய தலம். நேரமிருந்தால் இறங்குங்கள்.

இரண்டாவது நாள் மாமண்டூர். இங்கே ஒரு எச்சரிக்கை. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் இடையே, தொலைதூர பஸ்கள் சாப்பாட்டுக்கு நிற்கும் ஒரு மாமண்டூர் இருக்கிறது. சென்னையில் யாரிடம் ‘மாமண்டூர்’ என்றாலும் அதைத்தான் கைகாட்டுவார்கள். டாக்சிச் செயலியும் அங்கேதான் கொண்டுபோய் விடும். பாறையைக் குடைந்து எடுத்த கோயில்களான குடைவரைகள் இருப்பது காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றைத் தாண்டி வந்தவாசி சாலையில் உள்ள மாமண்டூரில். ‘தூசி மாமண்டூர்’ என்று சேர்த்துச் சொன்னால் நடத்துநருக்குச் சட்டென்று புரியும். மாவட்டம்கூடக் காஞ்சிபுரம் இல்லை, திருவண்ணாமலை. பிரம்மதேசத்துக்கும் இதே சிக்கல் உண்டு: முதலாம் இராசேந்திரன் மறைந்ததாகச் சொல்லப்படும் பிரம்மதேசம் செய்யாறு பக்கம், சோழர் கோயில்கள் உள்ள இன்னொரு பிரம்மதேசம் விழுப்புரம் பக்கம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒரு நாள் போய்விடும்.

காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் வந்தவாசி பஸ்ஸில் ஏறினால் மாமண்டூர் அரை மணி நேரத்துத் தூரம்தான். அந்தச் சாலையில் பஸ்ஸுக்குக் குறைவில்லை, ஏனென்றால் கொஞ்சம் தள்ளி மாங்கால் கூட்டுரோட்டில் செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. ஷிப்ட் மாறும் நேரத்தில் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் நிரம்பி வழியும், நிற்கக்கூட இடம் கிடைக்காது; அம்மாவோடு அந்த நேரத்தைத் தவிர்த்துவிட்டு அடுத்த வண்டியைப் பாருங்கள். எக்ஸ்பிரஸ் பஸ் மாமண்டூரில் நிற்காமல் போகக்கூடும், ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நம்பர் போட்ட டவுன் பஸ் என்றால் நிச்சயம் நிற்கும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் இலவசம், ஆகவே அம்மாவுக்குச் செலவும் இல்லை. இறங்கியதும் ‘குடைவரை எங்கே’ என்று கேட்டால் பலருக்குப் புரியாது. ‘மலையில குடைஞ்ச கோயில், ஆர்க்கியாலஜி போர்டு வச்சிருக்கிற இடம்’ என்று கேளுங்கள், சின்னப் பையன்கூட வழிகாட்டுவான்.

குன்றின் கிழக்குச் சரிவில் நான்கு குடைவரைகள், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தவை என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒன்றில் உள்ள சிதைந்த கிரந்தக் கல்வெட்டில் அவனுடைய மத்தவிலாசம் என்ற நாடகத்தின் பெயர் வருகிறது. நான்கையும் அவனே குடைந்தானா என்பதில் அறிஞர்களிடையே ஒரே கருத்து இல்லை, ஆகவே தகவல் பலகையில் இருப்பதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காலை வெயில் நேராகத் தூண்கள்மேல் விழுவதால் ஒன்பது மணிக்கு முன்னால் போய்விடுங்கள். குன்றுக்குப் பின்புறம் சித்திரமேகத் தடாகம், பல்லவர் காலத்து ஏரி. மழைக்குப் பிறகு தண்ணீர் நிறைந்து நிற்கும்போது கரையில் ஏறிப் பார்க்காமல் வராதீர்கள். இந்த ஊர்களுக்கு ஏன் இவ்வளவு கோயில்கள் என்ற கேள்விக்கு அந்த ஏரியே பாதி பதில் சொல்லும்.

குரங்கணில்முட்டம் அங்கிருந்து பக்கம், ஆனால் மெயின் ரோட்டை விட்டு உள்ளே போக வேண்டும். வாலி குரங்காகவும், இந்திரன் அணிலாகவும், எமன் காகமாகவும் வழிபட்டதாகச் சொல்லும் வாலீசுவரர் கோயில் ஒன்று. அதற்கு அருகே தரைமட்டத்துக்குத் தாழ இறங்கியிருக்கும் பல்லவர் குடைவரை ஒன்று. உள்ளே போகும் பஸ் எப்போது வரும் என்பது அன்றைய நாளைப் பொறுத்தது. எனவே மாமண்டூரையும் இதையும் சேர்த்துக் காஞ்சிபுரத்திலேயே ஆட்டோ பேசிவிடுவது நல்லது. தனியாளாக இருந்தால் மாமண்டூர் வரை பஸ், அங்கிருந்து நடை அல்லது எதிரே வரும் ஷேர் ஆட்டோ என்று சமாளிக்கலாம்.

ஆட்டோ பேசும் முறையைச் சொல்லிவிடுகிறேன். ‘மாமண்டூர் போக எவ்வளவு?’ என்று தொடங்காதீர்கள். ‘இரண்டு இடம், ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம் நிற்கணும், மத்தியானம் ஒரு மணிக்குள்ள பஸ் ஸ்டாண்டுல விடணும், வெயிட்டிங் எல்லாம் சேர்த்து எவ்வளவு?’ என்று ஒரே மூச்சில் கேளுங்கள். தொகை அன்றைய டீசல் விலையையும் கூட்டத்தையும் பொறுத்தது, அதனால் நான் எண் சொல்வதில் பயனில்லை. மூன்று பேரிடம் கேட்டால் நடு விலை தெரிந்துவிடும். ஸ்டேஷன் வாசலைவிட பஸ் நிலைய ஆட்டோ ஸ்டாண்டில் பேச்சு சுலபம். பாதித் தொகையை இறுதியில் கொடுங்கள், முன்பணமாக முழுவதும் கொடுக்க வேண்டாம். வயதில் மூத்த ஓட்டுநர் கிடைத்தால் அவரையே பிடியுங்கள். ‘அண்ணே, அந்தக் கோயில் சாவி யாருகிட்ட இருக்கும்?’ என்று கேட்டால், வண்டியை நேராக அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறவர் அவராகத்தான் இருப்பார்.

சாவி என்றேன் அல்லவா, இந்த வட்டாரத்தில் எந்த வண்டி என்பதை அதுவே தீர்மானிக்கிறது. இந்தக் குடைவரைகளில் பல இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை, கம்பிக் கதவு போட்டிருப்பார்கள். காவலாளி இருந்தால் திறப்பார், சாப்பிடப் போயிருந்தால் காத்திருக்க வேண்டும். பூசை நடக்கும் கோயில்களில் குருக்கள் இரண்டு மூன்று ஊருக்குச் சேர்த்து ஒருவராகவே இருப்பார். காலையில் விளக்கேற்றிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். நடுப்பகல் 12 மணியிலிருந்து மாலை 4 மணி வரை எதுவும் திறந்திருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே பூசைக் கோயில்களைக் காலை பத்துக்குள் முடித்து, வெளிச்சுவர்க் கல்வெட்டுகளையும் திறந்தவெளியில் உள்ளவற்றையும் அதற்குப் பிறகு வையுங்கள். பஸ் நேரத்துக்குக் கோயில் நேரத்தை வளைக்க முடியாது. நின்று காத்திருக்கும் ஆட்டோ இருந்தால் மட்டுமே குருக்கள் வரும்வரை உங்களால் இருக்க முடியும்.

இப்போது கார். சீயமங்கலத்துக்கு எடுங்கள் என்று சொன்னதற்குக் காரணம், அது வந்தவாசிக்கும் தெற்கே, தேசூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து வந்தவாசிக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்த பிறகு அந்தப் பக்கத்து பஸ்களை அங்கே போய்த்தான் பிடிக்க வேண்டும். அங்கிருந்து வந்தவாசி, பிறகு தேசூர் பஸ், பிறகு நடை என்றால் அம்மா களைத்துவிடுவார். நீங்கள் மட்டும் போவதானால் முந்தின நாள் மாலையே வந்தவாசி போய்த் தங்கி, விடியற்காலையில் தேசூர் பஸ் பிடிப்பது நல்ல அனுபவம். 1760இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய போர் நடந்த ஊர் வந்தவாசி, கோரைப் பாய்க்கும் பேர்போனது. சீயமங்கலத்தில் மகேந்திரவர்மன் எடுத்த அவனிபாஜன பல்லவேசுவரம் இன்று பூசை நடக்கும் தூணாண்டார் கோயில். தூணொன்றின் மேல்பகுதியில் இருக்கும் சிறிய ஆடவல்லான் சிற்பத்தைத் தேடிப் பாருங்கள், ஒரு சாண் உயரம்கூட இருக்காது போலத் தோன்றும். கல்லில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நடராசர் உருவங்களில் அதையும் வைத்துப் பேசுகிறார்கள். பக்கத்துக் குன்றில் சமணச் சிற்பங்கள் உண்டு, அவற்றுக்குப் பாறையில் ஏற வேண்டும்.

காரைச் சென்னையில் எடுத்தால் வெளியூர் வாடகைக் கணக்கில் வரும். ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர் என்று வைத்து, ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் அதற்குப் பணம், அதன்மேல் ஓட்டுநர் பேட்டா, பரனூர் சுங்கம். சீயமங்கலம் போய்வர அந்தக் குறைந்தபட்சக் கிலோமீட்டர் ஏறக்குறைய முழுக்கப் பயன்பட்டுவிடும், ஆகவே நட்டமில்லை. வழியிலேயே மாமண்டூரையும் சேர்த்துக்கொள்ளலாம். திருமுக்கூடலுக்கும் உத்திரமேரூருக்கும் மட்டும் என்றால் பாதிப் பணம் வீண். காஞ்சிபுரம் வரை ரயிலில் போய், அங்கே உள்ளூர்க் காரை எட்டு மணி நேரத்துக்குப் பேசுவது அதைவிட மேலானது. மஞ்சள் நம்பர் பலகை உள்ள வண்டியாக இருக்கட்டும். தெரிந்தவர் என்று சொல்லி வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு எடுத்தால், விபத்து நடந்தால் காப்பீட்டில் சிக்கல் வரும்.

வாடகை பைக் பற்றி: உங்களுக்கும் ஒரு நண்பருக்கும் என்றால் தாராளமாக. பார்த்த இடத்தில் நிறுத்தலாம், ஏரிக்கரையில் போகலாம், வழியில் வயல் நடுவே நிற்கும் ஒற்றை நடுகல்லைக்கூடப் பார்க்கலாம். அம்மாவோடு வேண்டாம். எடுப்பதானால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து உள்ளதைத்தான் எடுக்க வேண்டும், சட்டப்படி வாடகைக்கு விடும் வண்டிக்கு அதுவே அடையாளம். ஜி.எஸ்.டி. சாலையையும் ஒரகடம் சாலையையும் லாரி நேரத்தில் ஓட்டாதீர்கள், விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஏழு மணிக்குள் அமைதியான சாலைக்கு வந்துவிடலாம். சைக்கிளுக்கும் இந்தச் சமவெளி ஏற்றது, டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. ஏப்ரல், மே மாதங்களில் பத்து மணிக்குமேல் பைக்கோ சைக்கிளோ இரண்டும் தண்டனை.

மண்டகப்பட்டையும் பார்க்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் எடுத்த கோயில் என்று மகேந்திரவர்மன் சொல்லிக்கொண்ட இடம் அது, அவசியம் பாருங்கள், ஆனால் இந்தப் பயணத்தோடு சேர்க்காதீர்கள். அதற்கு விழுப்புரம்தான் நடு ஊர். எழும்பூரிலிருந்து விழுப்புரத்துக்கு ரயில் நிறைய. அங்கிருந்து செஞ்சி பஸ்ஸில் மண்டகப்பட்டில் இறங்கினால் நடக்கும் தூரம். தளவானூர் குடைவரை, பல்லவ ஓவியம் உள்ள பனமலை இரண்டையும் சேர்ப்பதானால் விழுப்புரத்தில் காரோ ஆட்டோவோ பேச வேண்டும். முழு நாள் ஆகும்.

மேலே சொன்னவற்றில் ரயில் பாதை, ஊர்களின் இடம், எந்த ஊருக்கு எது நடு ஊர் என்பவை மாறாதவை, நம்பித் திட்டமிடலாம். ரயில் நேரம், எந்த பஸ் எந்த நிலையத்திலிருந்து கிளம்புகிறது, ஊருக்குள் போகும் மினி பஸ் இன்று ஓடுகிறதா என்பவை மாறிக்கொண்டே இருப்பவை. கிளம்புவதற்கு முந்தின நாள் மாலையில் பாருங்கள், ஏறும்போது நடத்துநரிடம் இன்னொரு முறை கேளுங்கள். என் பழக்கம் நடக்கக்கூடியவர்களோடு போனதுதான். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு இந்த ஆலோசனை அப்படியே பொருந்தாது. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை வடகிழக்குப் பருவமழை. பாலாற்றிலும் செய்யாற்றிலும் வெள்ளம் வந்தால் தரைப்பாலங்களை மூடிவிடுவார்கள், அந்த வாரங்களில் ஆற்றைத் தாண்டாத ஊராகத் தேர்ந்தெடுங்கள். உத்திரமேரூருக்குச் செங்கல்பட்டிலிருந்து போனாலும் பாலாற்றைக் கடக்க வேண்டியிருக்கும், ஆனால் அது பெரிய பாலம். அம்மாவோடு போகும் முதல் பயணத்துக்கு ஜனவரிப் பின்பாதியில் ஒரு சனிக்கிழமையை எடுத்து, திருமுக்கூடல், உத்திரமேரூர் இரண்டோடு நிறுத்துங்கள். அன்று அவருக்கு எவ்வளவு முடிகிறது என்று பார்த்துவிட்டு மாமண்டூரைத் திட்டமிடலாம்.